வெளியிணைப்பு இயந்திரம்: பற்சில்லுப் பெட்டிக் கசிவை அறிதலும் திருத்தலும்

யாழ்ப்பாணக் கடலேரி, மட்டக்களப்பு வாவி ஆகியவற்றின் கரைகளில் கமத்தோடு மீன்பிடியையும் சீவனோபாயமாகக் கொண்ட குடும்பங்கள் பல உள. அவர்களது வள்ளத்தில் பூட்டிய பழைய இயந்திரம் மேலே நன்றாக ஓடிக்கொண்டிருக்க, நீருள் மறைந்திருக்கும் பற்சில்லுப் பெட்டி மெல்லக் கெடுவதுண்டு. சீல் எனப்படும் சிறு றப்பர் வளையத்தைக் காலத்தில் மாற்றாவிடின், உட்புகும் நீர் பற்சில்லுகளையும் பெயாரிங்குகளையும் துருவேற்றும். முடிவில் வள்ளம் கரைக்குத் தொலைவில் நின்றுவிடும்.

எண்ணெய் காட்டும் குறிகள்

இயந்திரத்தை இரவு முழுவதும் நிமிர்த்தி வைத்து, காலையில் பெட்டியின் கீழ்த் திருகாணியை மட்டும் சற்றுத் தளர்த்துதல் வேண்டும். நீர் எண்ணெயிலும் பாரமானதாகையால், உள்ளே நீர் தங்கியிருப்பின் அதுவே முதலில் வடியும். எண்ணெய் பாற்றேநீரின் நிறமுடையதாயின் நீர் அதனோடு கலந்துவிட்டது என்பது தெளிவு. நிறம் மாறாது அளவு மட்டும் குறைந்திருப்பின் எண்ணெய் வெளியே கசிகின்றது. நுண்ணிய சாம்பல்நிறப் பசை வழமையான தேய்வேயாகும். விரலில் உறுத்தும் உலோகத் துண்டுகள் காணப்படின் பற்சில்லுகளையும் சோதித்தல் வேண்டும்.

எண்ணெய் கலந்த பெற்றோலில் ஓடும் இயந்திரங்களில், எரியாத எண்ணெய் புகையோடு வந்து விசிறியருகே கறுப்பாகப் படிவதுண்டு. பெட்டியின் எண்ணெய் குறையாவிடின் அது கசிவன்று. பிரித்தானியாவிற் செய்யப்பட்ட பழைய சீகல் இயந்திரங்களின் பெட்டி றப்பர் சீல் இன்றி அமைந்தது. அவற்றில் 140 தர எண்ணெய் வெண்மையாவது இயல்பே. அடிக்கடி எண்ணெய் மாற்றுவதே அவற்றுக்குரிய பராமரிப்பாகும்.

கசியும் இடம்

முதலிற் கவனிக்கத்தக்கவை இரு திருகாணிகளின் வாசர்கள். நசுங்கிய வாசரே பலமுறை முழுக் காரணமாகும். அடுத்து, பிளக்கின் வயரைக் கழற்றிய பின் விசிறியை எடுத்துப் பார்த்தல் வேண்டும். தண்டிற் சுற்றிய தங்கூசி சீலை அறுத்துவிடும்.

இவற்றாற் புலப்படாவிடின் எண்ணெயை வடித்து, மேற்றுளையில் அமுக்கமானியுடன் கூடிய கைப்பம்பைப் பொருத்திக் காற்றேற்றுக. சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் அமுக்கம் போதுமானது. கைந்நூல் வேறு அளவு கூறின் அதனையே கொள்க. பெட்டியை நீர்த்தொட்டியில் அமிழ்த்தித் தண்டுகளை மெல்லச் சுழற்றினால், குமிழி எழுமிடமே கசியுமிடம். விசிறித் தண்டு, நீர்ப்பம்பின் கீழுள்ள நிலைத்தண்டு, கியர் மாற்றும் கோல் ஆகிய மூன்றிடங்களையும் தவறாது பார்த்தல் வேண்டும்.

திருத்தும் முறை

பழைய சீலைக் கழற்றுமுன் அதன் உதடு எப்பக்கம் நோக்கியுள்ளதெனக் குறித்துக்கொள்ளல் வேண்டும். இரு சீல்கள் உள்ளவிடத்து, பெரும்பாலும் ஒன்று எண்ணெயை உள்ளே தடுக்கும், மற்றையது நீரை வெளியே தடுக்கும். தண்டை நகத்தால் வருடிப் பார்க்கையில் நகம் பள்ளத்திற் சிக்குமாயின், புதுச் சீலும் அவ்விடத்திற் கசியும். தண்டையும் மாற்றுதல் நன்று. புதுச் சீலின் உதட்டிற் கிறீஸ் பூசி, சரிவின்றி அழுத்துக. சீலை மாற்றாது பெட்டியிற் கிறீஸை அடைத்தல் திருத்தமாகாது. அது பெயாரிங்குகளுக்கு ஒழுங்காகச் செல்லாது.

கைந்நூல் குறிக்கும் தர எண்ணெயைக் கீழ்த்துளை வழியாக ஏற்றுக. மேற்றுளையால் எண்ணெய் வழிந்த பின், மேற்றிருகாணியை முதலிலும் கீழ்த்திருகாணியைப் பின்னரும் புது வாசருடன் பூட்டுக. இவ்வாறு செய்யின் காற்று உள்ளே தங்காது.

வடித்த எண்ணெயை வாவியிலோ நிலத்திலோ ஊற்றலாகாது. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது கிணற்று நீரை எளிதில் அடையும். மூடிய கலத்திற் சேர்த்து வைத்து, கழிவெண்ணெய் சேகரிப்போரிடம் கொடுத்தல் வேண்டும்.

திருத்திய இயந்திரம் 10 மணித்தியாலம் ஓடிய பின் கீழ்த் திருகாணியை மீண்டும் தளர்த்திப் பார்க்க. எண்ணெய் தெளிவாயிருப்பின் அச்சமின்றித் தொழிலுக்குச் செல்லலாம்.