உஷார்! சம்பள பாக்கிக்குக் கெடு ஓடுகிறது

"எதுத்துப் பேசிடாதப்பா, இங்க வட்டி ஏறுது." சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் மகனிடம் புதுக்கோட்டைப் பக்கத்து அம்மா சொல்வது இதைத்தான். முதலாளியைப் பகைத்தால் பெர்மிட்டை வெட்டி ஊருக்கு அனுப்பிவிடுவான் என்ற அவள் பயம் நியாயமானது. ரகளையில் இறங்கினாலும் அதே கதிதான்: பஸ் விபத்தில் மூண்ட 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு 57 தொழிலாளர்களை நாடுகடத்தினார்கள். கை ஓங்கினால் வழக்கே நம் மேல் திரும்பிவிடும்.

கோபத்தை அடக்குங்கள். ஆனால் கணக்கைக் கைவிட்டுவிடாதீர்கள்! வேலையில் இருக்கும்போதே சம்பள பாக்கிக்குப் புகார் கொடுப்பதென்றால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வேலை போய்விட்டால் கடைசி நாளிலிருந்து 6 மாதம்தான். "அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்" என்ற பேச்சை நம்பி எத்தனை குடும்பங்கள் இந்தக் கெடுவைக் கோட்டைவிடுகின்றனவோ! பொறுத்துப்போகும் பிள்ளைகளாகப் பார்த்துத்தான் இப்படி இழுத்தடிக்கிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் வர வேண்டும், ஓவர்டைம் பணம் 14 நாளுக்குள். சம்பளச் சீட்டு கொடுப்பது 2016 முதல் கட்டாயம். கொடுக்கவில்லையா? ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். தேதி, சைட் பெயர், ஏறிய நேரம், இறங்கிய நேரம், சூப்பர்வைசர் யார் என்று தினமும் படுக்கும் முன் எழுதி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அடிப்படைச் சம்பளம் அச்சிட்டிருக்கும் ஐபிஏ (பெர்மிட்டுக்கான முதற்கட்ட ஒப்புதல்) கடிதத்தின் நகலும் வீட்டில் இருக்கட்டும். போன் தொலைந்தாலும், டார்மிட்டரியிலிருந்து திடீரென்று கிளப்பினாலும் ஆதாரம் தங்கும்.

வெற்றுத்தாளிலோ, வாங்காத பணத்துக்கான வவுச்சரிலோ கையெழுத்துப் போடவே போடாதீர்கள். "எல்லாம் செட்டில் ஆயிடுச்சு" என்று பின்னால் காட்டுவது அந்தத் தாளைத்தான். பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைப்பதும் அங்கே குற்றம். புகாருக்கு மனிதவள அமைச்சு இருக்கிறது. தனியே போகத் தயங்கினால் டிடபிள்யூசி2, ஹோம் போன்ற தொண்டு அமைப்புகள் உதவும்.

வீட்டில் இருப்பவர்களே, "பொறுத்துக்கோ" என்று சொல்லும் அதே போனில் "நோட்டு எழுதினியா, சீட்டு வந்துச்சா?" என்றும் கேளுங்கள்.

பாக்கியைத் தராமல் டிக்கெட்டைக் கையில் திணித்து சாங்கி விமான நிலையத்துக்கு ஏற்றிப்போனாலும் ரகளை வேண்டாம். குடிநுழைவு கவுண்டரில் நிற்கும் அதிகாரியிடம் சொல்லுங்கள்: "எனக்குச் சம்பள பாக்கி இருக்கு, புகார் கொடுக்கணும்."