காக்கும் பச்சை, அரிக்கும் பச்சை

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி, வாகன உதிரிபாகங்களுக்கு முலாம் பூசுகிற, பஃபிங் போடுகிற பட்டறைகள் நிறைய உண்டு. பாட்டி காலத்துக் குத்துவிளக்கு கறுத்துப்போனால் அங்கே கொடுத்து வாங்குவது சுலபம். விளக்கு பளபளக்கும், உச்சியில் நிற்கும் அன்னத்தின் இறகுக் கோடுகள் மழுங்கியிருக்கும். பஃபிங் சக்கரம் அழுக்கோடு உலோகத்தையும் சேர்த்தே சீவிவிடுகிறது.

குத்துவிளக்கைப் போலச் செம்பு அதிகம் கலந்த உலோகத்தில் காற்று பட்டால் முதலில் செம்பழுப்பு ஆக்சைடு படியும். ஈரமும் கரியமில வாயுவும் நாளாவட்டத்தில் அதன் மேல் பச்சைக் கார்பனேட்டை உண்டாக்கும். இந்தப் படலம் வழவழப்பாக, கெட்டியாக ஒட்டியிருந்தால் அடியில் உள்ள உலோகத்துக்கு அதுவே கவசம். வீட்டில் தேய்க்கும் புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் இந்தக் கவசத்தைக் கரைத்துவிடுகிறது. வெளிப்பட்ட புது உலோகம் மறுபடி கறுக்கும், மறுபடி தேய்ப்போம். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் செம்பு போகும்.

இன்னொரு பச்சை இருக்கிறது. வெளிறிய நிறம், தொட்டால் மாவாக உதிரும். இது 'வெண்கல நோய்'. காரணம் குளோரைடு. செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடாகக் குழிகளில் ஒளிந்திருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் பச்சைத் தூளாக மாறி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் வெளிவிடும். அந்த அமிலம் மேலும் செம்பை அரிக்க, சுழற்சி ஓயாது. புளியோடு உப்பைச் சேர்த்துத் தேய்ப்பவர்கள் இந்தக் குளோரைடைத் தாங்களே ஊட்டுகிறார்கள்.

மண்ணுக்கடியிலிருந்து வரும் செப்புத் திருமேனிகளில் இந்த நோய் அதிகம். இதற்காகவே சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-ல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் அமைந்தது. அங்கே வேதியியலாளர் எஸ்.பரமசிவன் மின்பகுப்பு முறையில் திருமேனிகளைச் சீராக்கினார். இன்று உலகெங்கும் அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் கரைசல், மெல்லிய மெழுகுப் பூச்சு, 40 சதவீதத்துக்குக் குறைந்த ஈரப்பதம் ஆகியவற்றை நம்புகிறார்கள்.

வீட்டில் சோதிக்க ஒரு வழி: மூங்கில் குச்சியால் தூளைச் சுரண்டி எடுத்துவிட்டு, பொருளை ஈரக் காகிதத்தோடு மூடிய டப்பாவில் ஓரிரு நாள் வையுங்கள். அதே இடத்தில் புதுத் தூள் பூத்தால் நோய் உயிரோடு இருக்கிறது. அப்படியானால் உலர்ந்த டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொண்டுபோங்கள். பூக்காவிட்டால் மெல்லிய தூரிகையால் தூசி தட்டினாலே போதும். தினமும் ஏற்றும் விளக்குக்குப் புளி போடலாம், உப்பு வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி, குழிகளிலும் ஈரம் தங்காதபடி உடனே துடைத்துவிடுங்கள்.