மசோதாவைச் செதுக்கும் இரண்டாம் கட்டம்

இந்திய நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா, அதாவது சட்டமாக்கக் கோரி அவையின் முன் வைக்கப்படும் வரைவு, மக்களவை, மாநிலங்களவை ஆகிய இரு அவைகளிலும் தனித்தனியே மூன்று கட்டங்களைக் கடந்தாக வேண்டும். பிரிட்டன் மரபையொட்டி இவை வாசிப்புகள் எனப்படுகின்றன. அறிமுகத்துக்கு அனுமதி பெறும் முதல் வாசிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஏற்பதா, மறுப்பதா என்பது மட்டுமே எஞ்சும் மூன்றாம் வாசிப்பும் நீள்வதில்லை. சட்டம் உருப்பெறுவது இடைப்பட்ட இரண்டாம் வாசிப்பில்தான் என்பதால், அதற்கு அவை எவ்வளவு காலமும் கவனமும் செலவிடுகிறது என்பதைப் பொறுத்தே சட்டத்தின் தரம் அமைகிறது.

இக்கட்டத்தில் அவை மசோதாவை உடனே பரிசீலிக்கலாம். பொதுமக்களின் கருத்தறியச் சுற்றுக்கு விடலாம். அல்லது தன் உறுப்பினர்கள் சிலரைக் கொண்ட தேர்வுக்குழுவிடமோ இரு அவைகளின் கூட்டுக்குழுவிடமோ ஒப்படைக்கலாம். இவையன்றி, 1993 முதல் துறைவாரியாக இயங்கிவரும் நிலைக்குழுக்களுக்கும் மசோதாக்கள் அனுப்பப்படுகின்றன. அதிகாரிகளையும் வல்லுநர்களையும் பாதிக்கப்படக்கூடிய மக்களையும் அழைத்துக் கேட்கும் இக்குழுக்கள், மூடிய அறையில் கூடுவதால், அவையில் காணக் கிடைக்காத நிதானம் அங்கே வாய்க்கிறது. வாடகைத் தாய் முறையை ஒழுங்குபடுத்தும் மசோதா இதற்குச் சிறந்த சான்று. 2019 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றிய வடிவில், நெருங்கிய உறவினர் மட்டுமே வாடகைத் தாயாகலாம் என்ற நிபந்தனை இருந்தது. மாநிலங்களவை அதை 23 உறுப்பினர் கொண்ட தேர்வுக்குழுவுக்கு அனுப்பியபின், விருப்பமுள்ள பெண் எவரும் தகுதிகளுக்கு உட்பட்டு முன்வரலாம் எனக் குழு பரிந்துரைத்து, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதுவே இடம்பெற்றது.

குழுவின் அறிக்கை வந்தபின், அவை உட்பிரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, உறுப்பினர்கள் முன்மொழியும் திருத்தங்களை வாக்குக்கு விடுகிறது. பெயரையும் நடைமுறைக்கு வரும் காலத்தையும் கூறும் முதல் உட்பிரிவும் மசோதாவின் தலைப்பும் கடைசியாகவே ஏற்கப்படுகின்றன; உள்ளடக்கம் மாறினால் இவ்விரண்டும் மாற வேண்டியிருக்கும் என்பதே காரணம். பெரும்பாலான முடிவுகள் ஆதரவு, எதிர்ப்புக் குரல்களைக் கேட்டறியும் குரல் வாக்கெடுப்பில் அமைகின்றன. அதை உறுப்பினர் ஒருவர் மறுத்தால், எண்ணிக்கை பதிவாகும் டிவிஷன் வாக்கெடுப்பைக் கோரலாம்.

ஓர் அவை செய்த திருத்தங்களை மற்ற அவையும் ஏற்க வேண்டும். இணக்கம் ஏற்படாவிடில் கூட்டுக் கூட்டம் கூட்டலாம். 1961, 1978, 2002 ஆகிய ஆண்டுகளில் மட்டுமே அவ்வழியில் மசோதாக்கள் நிறைவேறின. வரி, அரசுச் செலவு போன்றவை குறித்த பண மசோதாவிலோ மாநிலங்களவை 14 நாள்களுக்குள் பரிந்துரைகளைத் தரலாமேயன்றித் தடுக்க இயலாது. இறுதியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலால் மசோதா சட்டமாகிறது.

15ஆவது மக்களவைக் காலத்தில் ஏறத்தாழ 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்குச் சென்றன. 17ஆவது மக்களவையில் அது 16 விழுக்காடாகச் சுருங்கியது பெரிதும் கவலைக்குரியது. எடுத்துக்காட்டாக, 2020இல் அரசு கொண்டுவந்த வேளாண் மசோதாக்கள் எந்தக் குழுவுக்கும் அனுப்பப்படவில்லை. அவற்றுள் இரண்டு 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில், எதிர்க்கட்சிகள் டிவிஷன் கோரியும், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. விவசாயிகளின் ஓராண்டுப் போராட்டத்துக்குப் பின் அச்சட்டங்களைத் திரும்பப்பெறும் மசோதாவும், 2021 நவம்பர் 29 அன்று ஒரே நாளில் இரு அவைகளிலும் விவாதமின்றியே நிறைவேறியது.