மெழுகுக்குள் ஒரு குட்டிச் சிறுநீரகம்

'உள்ளே வரக்கூடாது' என்று எழுதிய கதவுக்குள் எட்டிப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது! நாகர்கோவிலில் ஒரு பெத்தாலஜி லேபில் எனக்கு அந்த யோகம் அடித்தது. மூக்கைத் துளைக்கும் ஃபார்மலின் வாடை. மேஜைமேல் தீப்பெட்டியளவு மெழுகுக் கட்டி. அதற்குள் இருப்பது, எப்போதோ ஒரு குழந்தையின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த வில்ம்ஸ் கட்டி என்ற புற்றுக்கட்டியின் துணுக்கு. மாணவர்களுக்குப் பாடம் நடத்த வைத்திருக்கிறார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

டெக்னீஷியன் அண்ணன் மைக்ரோடோமின் கைப்பிடியைச் சுற்றுகிறார். நம்மூர் சிப்ஸ் கடையில் நேந்திரங்காய் சீவுவார்களே, அதே லாகவம்! ஆனால் இங்கே ஒரு சீவலின் கனம் 4 மைக்ரான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ரிப்பனாய் இறங்குவதைப் பிரஷ் நுனியில் ஏந்தி வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால், சுருக்கமெல்லாம் தானாக விரிகிறது. கண்ணாடித் தகட்டில் வாங்கிச் சாயத்தில் முக்கினால் ஊதாவும் ரோஸும்!

"வா மக்கா, வந்து பாரு" என்று மைக்ரோஸ்கோப்பை விட்டுக்கொடுத்தார் டாக்டரம்மா. அடடா! கும்பல் கும்பலாய் உருண்டை ஊதாச் செல்கள். நடுநடுவே குழாயாக வளையப் பார்க்கும் செல்கள். சுற்றிலும் நார் நாராய்த் திசு. வயிற்றுப் பிள்ளைக்குச் சிறுநீரகம் உருவாகும்போது இருக்கும் அதே மூன்று சரக்கு! சிறுநீரகத்தின் வடிகட்டிகளான நெஃப்ரான்கள் எல்லாம் பிறப்பதற்கு முன்பே கட்டி முடிந்துவிடும். இந்தச் செல்களுக்கு மட்டும் 'வேலை முடிந்தது' என்ற செய்தி போய்ச் சேரவில்லை. 1899-ல் ஜெர்மன் அறுவை மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸ் இதை விரிவாக எழுதினார். கட்டிக்கு அவர் பெயரே நிலைத்தது.

செய்தி எங்கே தடைப்பட்டது? 1990-ல் 11-ஆம் குரோமோசோமில் ஒரு ஜீன் பிடிபட்டது: டபிள்யூ.டி.-1. இளம் செல்லை நெஃப்ரானாக முதிரச் செய்வதில் இதற்குப் பெரும் பங்கு. 2007-ல் எக்ஸ் குரோமோசோமில் இன்னொன்று, டபிள்யூ.டி.எக்ஸ். இங்கேதான் எனக்குப் புல்லரித்தது! கட்டி வராமல் தடுக்கும் இப்படிப்பட்ட காவல் ஜீன்களில் பொதுவாக இரண்டு பிரதியும் கெட வேண்டும். டபிள்யூ.டி.எக்ஸுக்கோ ஒரே அடி போதும். ஆண் பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றுதான். பெண் பிள்ளையின் செல்லில் இரண்டில் ஒன்று உறக்கத்தில். விழித்திருப்பதில் பிழை விழுந்தால் காவல் போச்சு.

டாக்டரம்மா நாஞ்சில் நாட்டுக்காரர். வயலை வைத்தே விளக்கினார். செல்லுக்குள் பீட்டா-கட்டெனின் என்ற புரதம் தண்ணீர் மாதிரி ஊறிக்கொண்டே இருக்கும். தேவைக்கு மிஞ்சியதை வடிகால் இழுத்துவிடும். டபிள்யூ.டி.எக்ஸ். அந்த வடிகாலில் ஒரு கல். கல் பெயர்ந்தால் தண்ணீர் நிற்கும், 'பெருகு, பெருகு' என்ற உத்தரவு நிற்காமல் ஓடும். சில கட்டிகளில் வடிகால் நன்றாக இருக்கும். பீட்டா-கட்டெனினே உருமாறி அதில் சிக்காமல் நழுவும்!

இதையெல்லாம் படித்தறிந்ததில் பலன் உண்டு. கட்டியின் செல்களில் முதலாம் குரோமோசோமின் நீண்ட கை கூடுதலாக இருந்தால் கட்டி திரும்பி வரும் அபாயம் அதிகம் என்று முன்கூட்டியே தெரிகிறது. வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். நம் பிள்ளைகளும் நேரத்தோடு வந்துசேர வேண்டும். குளிப்பாட்டும்போது வயிற்றில் ஒரு பக்கம் கட்டியாய்த் தட்டுப்பட்டால், அழுத்திப் பார்க்காமல் உடனே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்கோ தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வெளியே வந்தால் மதிலோரம் நித்திய கல்யாணி பூத்துக் கிடந்தது. வில்ம்ஸ் கட்டிக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் மருந்து இந்தச் செடியில் கண்டெடுத்தது. செல் இரண்டாகப் பிரியும்போது இழுக்கும் நூல்களைக் கட்டவிடாமல் தடுப்பது அதன் வேலை. வீட்டில் கஷாயம் வைக்கக் கூடாது, செடி விஷம். ஆனால் உள்ளே அந்த ஊதாச் செல்களைப் பார்த்த கண்ணோடு இந்தப் பூவைப் பார்த்தபோது, பறிக்க மனம் வராமல் அப்படியே நின்றுவிட்டேன்.