மரபணு ஆலோசனை படிக்கப் போகிறீர்களா? கட்டணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கல்யாணப் பேச்சு எடுத்தால், முதலில் அத்தை வீட்டையும் தாய்மாமன் வீட்டையும்தான் பார்ப்பார்கள். தமிழ்நாட்டின் பல ஊர்களில் வழக்கம் இதுதான். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே மணமான பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள்.

சொந்தத்தில் கட்டினாலே பிள்ளை குறையோடு பிறக்கும் என்று பயமுறுத்துவது தவறு. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையுள்ள குழந்தை பிறக்க நூற்றில் இரண்டு, மூன்று பங்கு வாய்ப்பு உண்டு. அத்தை மகனும் மாமன் மகளும் சேர்ந்தால் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. தாய்மாமனையே கட்டினால் இன்னும் கூடுகிறது. ஆனால் பழுதான ஒரே மரபணு இருவரிடமும் ஒளிந்திருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. "மூத்ததுக்கு வந்துடுச்சு, அடுத்த மூணும் தப்பிச்சிடும்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அந்தக் கணக்கு செல்லாது. இரண்டாவது கர்ப்பத்திலும் அதே நான்கில் ஒன்றுதான். பழியோ பெரும்பாலும் மருமகள் தலையில் விழுகிறது. இத்தகைய நோய்களில் தாயும் தகப்பனும் சரிபாதி கொடுத்திருக்கிறார்கள் என்பதை அந்த வீட்டாரிடம் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

அதுதான் மரபணு ஆலோசகரின் வேலை. மூன்று தலைமுறையை விசாரித்து வம்ச வரைபடம் போடுவார்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுற்றவருக்கு உள்ளே கறுப்பு, சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு. சின்ன வயதில் தவறிப்போன பிள்ளைகளை வீட்டார் பேச்சில் விட்டுவிடுவார்கள். பக்குவமாகக் கேட்டால்தான் வரும். கட்டு, கலை என்று உத்தரவு போடுவது அவர் வேலையல்ல. உள்ளதைச் சொல்லி, முடிவைக் குடும்பத்திடம் விடுவார்.

அமெரிக்காவின் சாரா லாரன்ஸ் கல்லூரி 1969இல் இதற்கான முதல் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. நம் நாட்டில் மணிப்பால் போன்ற சில இடங்களில்தான் இரண்டாண்டு எம்.எஸ்சி. இருக்கிறது. ராஜூக்கள் கல்லூரியிலோ கிருஷ்ணன்கோவில் கலசலிங்கத்திலோ அறிவியல் பட்டம் முடித்த பிள்ளைகள் இதைத் தேடும்போது, சில மாத ஆன்லைன் சான்றிதழ் படிப்புகளும் கூடவே கண்ணில் படும். அறிமுகத்துக்கு அவை போதும். ஒரு தாயின் எதிரே உட்காரப் போதாது. எத்தனை மாதம் மருத்துவமனையில் நோயாளிகளோடு பயிற்சி, எந்த மருத்துவமனை, மேற்பார்வை யார், முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நேரடியாகப் பதில் சொல்லாத இடத்தில் பணம் கட்ட வேண்டாம். பட்டம் தரும் நிறுவனம் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பட்டம் வாங்கிவிட்டால் ஊரில் ஓர் அறை பிடித்துப் பலகை மாட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கூடாது. 1994ஆம் ஆண்டின் கருவுறு முன், பேறுகால முன் நோய் அறியும் முறைகள் சட்டப்படி, எந்தப் பெயரில் நடந்தாலும் மரபணு ஆலோசனை மையத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். நடத்துபவரின் தகுதியை விதிகள் வரையறுக்கின்றன. கரு ஆணா பெண்ணா என்பதைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவிப்பதும் குற்றம். சட்டத்தை மீறினால் முதல் முறையே மூன்றாண்டு வரை சிறை. ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. சொந்தக்காரர்கள் கெஞ்சிக் கேட்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

சேர்ந்தபின் ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் சும்மா இருக்க வேண்டாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018இலேயே அறிவித்துவிட்டது. 2023 விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். யுஜிசியின் இ-சமாதான் தளத்திலும் புகார் பதியலாம். விளம்பரத் தாள், கட்டண ரசீது, வாட்ஸ்அப்பில் தந்த வாக்குறுதி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் படித்துத் திரும்பும் வரை குடும்பங்கள் காத்திருக்க முடியாது. பிறவிக் குறையோ வளர்ச்சித் தாமதமோ தெரிந்தால், 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அரசின் மாவட்ட தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். அரிய நோய் என்றால், தேசியக் கொள்கையின்படி நிதியுதவி பெறச் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையை அணுகலாம். கர்ப்பகால மரபணுச் சோதனைக்குப் போகும் பெண்ணுக்கு அதன் பக்கவிளைவுகளை விளக்கி, அவருக்குப் புரியும் மொழியில் எழுத்துப்பூர்வச் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது மேற்சொன்ன சட்டம். தமிழ்ப் படிவம் கேளுங்கள். கையெழுத்திட்டதன் நகலையும் கையோடு வாங்கி வாருங்கள்.