பிரசங்கத்துக்கு நேரமாகிவிட்டது

1970 டிசம்பர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் ஒரு சந்து. கதவோரமாக ஒருவன் சரிந்து உட்கார்ந்திருக்கிறான். தலை தொங்கிக் கிடக்கிறது, கண் மூடியிருக்கிறது. யாராவது பக்கத்தில் வந்தால் இரண்டு தடவை இருமி முனகுகிறான். அந்த வழியே ஒருவர் பின் ஒருவராக நாற்பது பேர் போகிறார்கள். அத்தனை பேரும் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள், நாளைக்கு அங்கி மாட்டிக்கொண்டு பிரசங்க மேடை ஏறப்போகிறவர்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பக்கத்துக் கட்டடத்தில் அன்று பேச வேண்டிய பொருள் என்ன தெரியுமா? நல்ல சமாரியன் உவமை. அடிபட்டு வழியில் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் பார்த்தும் பாராமல் போக, வேற்று இனத்தான் ஒருவன் நின்று காயம் கட்டிவிட்ட அதே கதை.

முனகியவனுக்கு ஒன்றுமில்லை, நடித்தான். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற உளவியலாளர்கள் ஏற்பாடு செய்த சோதனை அது. மாணவர்களை அனுப்பிவைத்த விதத்தில்தான் சூட்சுமம். சிலரிடம், இன்னும் சில நிமிடம் இருக்கிறது, மெதுவாகப் போகலாம் என்றார்கள். சிலரிடம், எல்லாம் தயார், கிளம்புங்கள் என்றார்கள். மூன்றாவது கூட்டத்தாரிடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே நேரமாகிவிட்டது, அங்கே காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று விரட்டினார்கள்.

நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். நடுக் கூட்டத்தில் 45. விரட்டப்பட்டவர்களில் 10. சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களுக்கும், வேலை வாய்ப்புகளைப் பற்றிப் பேசப் போனவர்களுக்கும் இடையே புள்ளியியல் கணக்கில் நிற்கிற வித்தியாசம் தெரியவில்லை. அவர்களுடைய பக்தி எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே நிரப்பி வாங்கிய வினாத்தாளை வைத்தும் யார் நிற்பார், யார் போவார் என்று சொல்ல முடியவில்லை. சமாரியன் கதையைச் சொல்லப் போன அவசரத்தில் கிடந்தவனைத் தாண்டிக் கால் வைத்துப் போனவர்களும் உண்டு என்று 1973இல் வெளியான ஆய்வுக் கட்டுரை பதிவுசெய்திருக்கிறது.

படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் தத்துவத் துறையில் இது சிரிப்பாக முடியவில்லை. அதற்குக் காரணம், 2,300 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸில் பாடம் நடத்திய ஒருவர்.

அரிஸ்டாட்டிலின் அறவியலில் சட்டதிட்டங்களைத் தேடினால் அதிகம் கிடைக்காது. நல்ல வாழ்வு என்றால் என்ன என்று தொடங்கி, அதை வாழ எப்படிப்பட்ட ஆளாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே போகிறார். துணிவு, நேர்மை, தாராளம் எல்லாம் பிறவியில் வருவதில்லை. வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறார்கள், யாழ் வாசித்து வாசித்துத்தான் யாழ் கைவருகிறது. அதுபோலத் துணிவான காரியங்களைச் செய்து செய்துதான் துணிவு வரும் என்பது அவர் கட்சி. பழகிப்போன பிறகு அது லேசில் அசையாது. பல்லைக் கடித்துக்கொண்டு நல்லது செய்கிறவனை அவர் ஒரு படி கீழேதான் வைக்கிறார். நல்லவனுக்கு நல்லது செய்வதில் ருசி இருக்க வேண்டும்.

பிற்கால ஐரோப்பியத் தத்துவம் இதை ஓரங்கட்டிவிட்டு, கடமையா விளைவா என்ற வழக்கிலேயே காலம் கழித்தது. 1958இல் எலிசபெத் ஆன்ஸ்கோம் என்ற தத்துவ அறிஞர் எழுதிய ஒரு கட்டுரைதான் அரிஸ்டாட்டிலைத் திரும்பக் கூப்பிட்டது. ஹிரோஷிமாவில் குண்டு போட உத்தரவிட்ட ட்ரூமனுக்கு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுக்க முனைந்தபோது, 1956இல், எழுந்து நின்று எதிர்த்தவர் இவர். விளைவுக் கணக்குப் போட்டால் எதையும் நியாயப்படுத்திவிடலாம் என்ற அவரது கோபம் அந்தக் கட்டுரையிலும் தெரியும். அதற்குப் பின் குணத்தை மையமாகக் கொண்ட அறவியல் மெல்ல மெல்ல வலுத்தது.

வலுத்த பிறகு தத்துவ அறிஞர்களான கில்பர்ட் ஹார்மன் 1999இலும், ஜான் டோரிஸ் 2002இலும் பிரின்ஸ்டன் சோதனையைக் காட்டிக் கேட்டார்கள்: நீங்கள் வளர்க்கச் சொல்கிற அந்தக் குணம் எங்கே இருக்கிறது? ஒரு கடிகாரப் பேச்சுக்கே கரைந்துபோகிறதே!

அவர்கள் கையில் இன்னொரு பழைய சாட்சியும் இருந்தது. 1920களில் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லவும் திருடவும் வசதியான சந்தர்ப்பங்களை ஏற்படுத்திக்கொடுத்து வேடிக்கை பார்த்தார்கள். தன் விடைத்தாளைத் தானே திருத்தச் சொன்னால் விடையை மாற்றுகிற பிள்ளை, சில்லறை கிடக்கும் பெட்டியைத் தொடுவதில்லை. பெட்டியில் கைவைக்கிற பிள்ளை விளையாட்டில் பொய் சொல்வதில்லை. ஒரு சோதனையை வைத்து அடுத்ததைக் கணிப்பது ஏறத்தாழ வீண்வேலை.

இங்கேதான் எனக்குப் பிடித்த திருப்பம் வருகிறது. பல சோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது. அடுத்த பந்தில் பேட்ஸ்மேன் என்ன செய்வார் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து ஆண்டு சராசரியைப் பார்த்தால் ஆள் யார் என்று தெரியும். ஒரு மத்தியானத்துச் சந்தில் ஒருவன் குணத்தை எடைபோட முடியாது என்பதுதான் பிரின்ஸ்டன் சொல்வது. குணமே இல்லை என்று அது சொல்லவில்லை. நிற்காமல் போனவர்களில் சிலர் போய்ச் சேர்ந்தபோது பதற்றத்தோடு இருந்ததையும் ஆய்வாளர்களே கவனித்திருக்கிறார்கள். பேட்சன் 1978இல் வேறு மாணவர்களை வைத்து இதைத் தொடர்ந்தார். உங்கள் வருகை அங்கே அவ்வளவு முக்கியமில்லை என்று தெரிந்தவர்கள் அவசரத்திலும் பெரும்பாலும் நின்றார்கள். தன்னை நம்பி ஒருவர் காத்திருக்கிறார் என்று நினைத்தவர்கள்தான் நிற்கவில்லை. அதாவது, கல்மனசு என்று நாம் முத்திரை குத்தியதில் பாதி, இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கு. எதற்கு முதலிடம் என்று அந்தக் கணத்தில் சரியாகக் கணிக்கிற விவேகம் இல்லாமல் எந்த நற்குணமும் முழுமையாகாது என்று அரிஸ்டாட்டில் அடித்துச் சொன்னது இதைத்தான்.

ஆனாலும் அவரை முழுக்கத் தப்பவிட எனக்கு மனமில்லை. அவர் வரைந்துகாட்டும் பெருந்தகை நிதானமாக நடப்பான், ஆழ்ந்த குரலில் பேசுவான், சில விஷயங்களையே பெரிதாக எடுத்துக்கொள்வதால் ஓட்டமும் நடையுமாக அலையமாட்டான். விரட்டப்படாத அந்த முதல் கூட்டத்து மாணவனைப் போல, அவனுக்கு எப்போதும் சில நிமிடம் மிச்சம் இருக்கிறது. அந்த நிமிடங்கள் எங்கிருந்து வந்தன? அவன் வீட்டுத் தண்ணீரைச் சுமந்ததும் மாவை அரைத்ததும் அடிமைகளும் பெண்களும். அடிமைமுறை இயற்கையானது என்று அரிஸ்டாட்டில் வாதாடியே இருக்கிறார். நல்ல வாழ்வுக்கு நண்பர்கள், ஓரளவு செல்வம், கொஞ்சம் அதிர்ஷ்டம் எல்லாம் வேண்டும் என்று மனம் திறந்து ஒப்புக்கொண்டவர், அந்தப் பட்டியலில் ஓய்வுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

இந்தக் கேள்வியை நம் ஊர்ச் சாலையில் வைத்துப் பார்க்கலாம். விபத்தில் அடிபட்டவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், தூக்கிக்கொண்டு போக ஆள் வராது. மனிதாபிமானம் செத்துவிட்டது என்று அடுத்த நாள் தலையங்கம் வரும். தினக்கூலிக்குப் போகிற ஒருவர் என்ன கணக்குப் போடுகிறார் என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்பார்களா, போலீஸ் ஸ்டேஷனில் எத்தனை மணி நேரம், சாட்சி சொல்ல எத்தனை வாய்தா? அன்றைய கூலி போகும், அடுத்த வாரத்துக் கூலியும் போகும். பிரின்ஸ்டன் மாணவர்களை விரட்டியது சில நிமிடம்தான்.

2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக் கட்டாயமாக்கிய, விபத்தில் உதவுபவரைக் காக்கும் நெறிமுறைகளும், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவும் கைவைத்தது இந்தக் கணக்கில்தான். சட்டமும் அவரை நல்ல சமாரியன் என்றே அழைக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது சிவில், கிரிமினல் வழக்கு எதுவும் பாயாது. 2021இல் மத்திய அரசு 5,000 ரூபாய் வெகுமதியையும் சேர்த்தது. பணத்துக்காக நிற்பவனை அரிஸ்டாட்டில் நல்லவர் கணக்கில் சேர்க்கமாட்டார்; என்னைக் கேட்டால், வெகுமதியைவிட நெறிமுறைகளில் இருக்கும் நேரக்கணக்குதான் முக்கியம். அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவரை மருத்துவமனை நிறுத்திவைக்கக் கூடாது, பணம் கட்டச் சொல்லக் கூடாது. பெயரும் முகவரியும் தர அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. நேரில் பார்த்த சாட்சியாக இருக்க அவராகவே முன்வந்தால் ஒரே தடவைதான் விசாரிக்கலாம். மற்றபடி, கொண்டுவந்து சேர்த்த கையோடு அவர் தன் வேலையைப் பார்க்கப் போகலாம்.