உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் இன்னும் வேலை செய்கிறதா?

கல்முனை கிறீன்பீல்ட் தொடர்மாடி, மருதமுனை 65 மீற்றர் வீட்டுத்திட்டம் போன்று, 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் கட்டப்பட்ட வீடுகளில் குடியிருப்போருக்கான பக்கம் இது. இவ்வாறான வீடுகளில் பல 15 ஆண்டுகளைத் தாண்டிவிட்டன. மெயின் சுவிட்ச் பெட்டியில் உள்ள ட்ரிப் சுவிட்சும் வீடு கையளிக்கப்பட்ட நாளில் பூட்டியதாகவே இருக்கலாம்.

வெளிநாட்டுத் தொடர்மாடிகளில் கூரையில் பூட்டும் புகை அலாரத்தில் தயாரித்த திகதி இருக்கும். 10 ஆண்டானதும் அதைக் கழற்றிப் புதியது பூட்டுவார்கள். ட்ரிப் சுவிட்சில் காலாவதித் திகதி இல்லை. அது பழுதானாலும் மின்குமிழ் எரியும், மின்விசிறி சுழலும். பாதுகாப்பு போய்விட்டது என்பதற்கு எந்த அறிகுறியும் தெரியாது.

அது என்ன செய்கிறது?

வீட்டுக்குள் வரும் மின்சாரமும் திரும்பிச் செல்லும் மின்சாரமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பழுதான மோட்டரைத் தொட்டவரின் உடல் வழியே ஒரு பகுதி நிலத்துக்குப் போனால் இரண்டும் சமப்படாது. வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டும்போது, 0.3 செக்கனுக்குள் ட்ரிப் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட மின்சாரம் உடலில் தொடர்ந்து பாய்ந்தால் இதயத் துடிப்பு குழம்பி உயிர் போகலாம்.

பக்கத்தில் வரிசையாக இருக்கும் சிறிய சுவிட்சுகள் இந்த வேலையைச் செய்யா. அவை வயர் சூடாகி எரியாமல் காப்பவை; பல அம்பியர் பாய்ந்தால்தான் விழும்.

சோதிப்பது எப்படி?

1. கணினி, தொலைக்காட்சி போன்றவற்றை முதலில் நிறுத்துங்கள். வீட்டில் மின்சாரம் இருக்க வேண்டும்.
2. கை உலர்ந்திருக்கட்டும். ஒழுச் செய்த ஈரக் கையோடு பெட்டியைத் தொட வேண்டாம்.
3. ‘டி’ என்ற ஆங்கில எழுத்து உள்ள சிறிய பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள்.
4. பிடி உடனே கீழே விழுந்து வீடு முழுவதும் மின்சாரம் நின்றால், சுவிட்ச் இயங்குகிறது. பிடியை மேலே தள்ளிவிடுங்கள்.
5. விழாவிட்டால் பொத்தானைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்க வேண்டாம். மின்னியலாளரை அழையுங்கள்.

மாதாந்த மின்பட்டியல் வரும் நாளில் இதைச் செய்தால் மறக்காது. கடலோர உப்புக் காற்றிலும் மாரி கால ஈரத்திலும் உள்ளே துருப்பிடித்து பிடி இறுகிவிடலாம். ஆகவே பழைய சுவிட்சைச் சோதிக்காமல் விடாதீர்கள்.

அடிக்கடி விழுந்தால்

மழை நேரம் அடிக்கடி விழுகிறது என்பதற்காக ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து வயரை நேரடியாக இணைக்க ஒருபோதும் விடாதீர்கள். எங்கோ மின்சாரம் கசிகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. எல்லா புளக்குகளையும் கழற்றிவிட்டுப் பிடியை உயர்த்துங்கள். பின்னர் ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அந்தப் பொருளைத் திருத்தும்வரை பாவிக்க வேண்டாம். எதுவும் செருகாமலே விழுந்தால் பழுது வயரிங்கில் இருக்கலாம்.

மாற்றும்போது

இது நீங்களே செய்யும் வேலை அல்ல. மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் மீற்றரிலிருந்து அதற்கு வரும் வயர்களில் 230 வோல்ட் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். என்.வி.கியூ. சான்றிதழ் உள்ள மின்னியலாளரைக் கொண்டு செய்யுங்கள். மீற்றரையும் அதன் முத்திரையையும் அவரும் தொடக்கூடாது. அது மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனத்தின் பொறுப்பு.

புதிய சுவிட்சில் 30 மில்லி அம்பியர் என்ற அளவும் ஐ.ஈ.சி. 61008 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டிய பின் உங்கள் முன்னாலேயே பொத்தானை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பொத்தான் எர்த் வயரைச் சோதிப்பதில்லை. ஆகவே எர்த்தைக் கருவியால் தனியாக அளக்கச் சொல்லுங்கள். பூட்டிய திகதியைப் பெட்டி மூடியின் உட்புறம் எழுதி வையுங்கள்.

தொடர்மாடியின் பொதுத் தண்ணீர் மோட்டருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் தனிப் பெட்டி இருந்தால், அதையும் சோதிக்க வேண்டும். ‘எல்லோருக்கும் உரியது’ என்று யாரும் பார்க்காமல் விடப்படுவது பெரும்பாலும் அதுதான். குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் பேசி ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள்.

யாருக்காவது மின்சாரம் தாக்கினால்

அவரைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பின்னர் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். வெளியே வயர் அறுந்து கிடந்தால் கிட்டப் போகாமல் மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனத்துக்கு 1987 இல் அறிவியுங்கள்.